ஜீப் நின்ற பக்கம்

டிராம் வண்டிகள் நின்ற பழைய கொட்டகையைப் பற்றிய அரசாணையில் ஒரே ஒரு வரிதான் எல்லோருக்கும் மனப்பாடம்: “கட்டடத்தின் முகப்பு மட்டும் பாதுகாக்கப்படும்; ஏனைய பகுதிகள் அகற்றப்பட்டுக் குடியிருப்புகள் எழுப்பப்படும்.” பழமையைக் காக்க வேண்டும் என்றவர்களுக்கு ஒரு முகப்பு, வீடு வேண்டும் என்றவர்களுக்கு மிச்ச இடம். இரண்டு தரப்பும் அரை மனதோடு கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்துபோன சமாதானம் அது.

அந்த முகப்பைப் பார்த்தவர்களுக்குத்தான் சிரிப்பு வந்தது. பிரதான சாலையை ஒட்டி நீளமாக ஓடும் ஒரு மொட்டைச் சுவர். காரை பெயர்ந்த செங்கல், எட்டாத உயரத்தில் சின்னச் சின்ன ஜன்னல்கள், மேலிருந்து கீழ்வரை துருப்பிடித்த மழைநீர்க் குழாய்கள். குழாய்களுக்கு நடுவே பல் வைத்தியரின் போஸ்டர், காணாமல்போன நாயின் போஸ்டர்.

“இந்தச் சுவத்துக்காகவா இத்தனை வருஷம் மல்லுக்கட்டுனாங்க?” என்று பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்கள் கேட்டார்கள்.

நகரத் திட்ட அலுவலகத்தின் வரைவாளருக்கும் மனதுக்குள் அதே கேள்விதான். ஆனால் சம்பளம் வாங்குகிற இடத்தில் கேட்கக்கூடிய கேள்வியா அது? அலுவலகத்தில் அவளுக்கு ‘ஸ்கேல் அக்கா’ என்று பெயர். கைப்பையில் சாவி இருக்கிறதோ இல்லையோ, ஸ்கேல் இருக்கும். முகப்பை இடிபடாமல் நிறுத்தி வைக்க இரும்பு முட்டுக் கொடுக்க வேண்டும்; அதற்கு அந்தச் சுவரை அங்குலம் அங்குலமாக அளந்து வரைய வேண்டும். அந்த வேலை அவளிடம் வந்தது.

வேலை வந்ததில் அவளுக்குச் சந்தோஷம்தான். காரணம் வீட்டில் இருந்தது. அங்கே கட்டப்போகும் குடியிருப்பில் அவள் தம்பிக்குக் குலுக்கலில் ஒரு வீடு விழுந்திருந்தது. எண் கடைசிப் பக்கமாகத்தான் வந்தது, ஆனாலும் வந்துவிட்டது. அன்று தம்பி குழந்தையைத் தூக்கித் தட்டாமாலை சுற்றியதில் அது பால் கக்கி, அவனுடைய ஒரே நல்ல சட்டை நாசமானது.

தம்பியும் அவன் மனைவியும் அவள் வீட்டுக்கு வந்தது பத்து நாள் இருந்துவிட்டுப் போகத்தான். அவள் கணவர் பட்டறையில் கால் நசுங்கிப் படுத்தபோது, ஆஸ்பத்திரிக்கும் அலுவலகத்துக்கும் நடுவே அவள் அல்லாடுவதைப் பார்த்துவிட்டு, இரண்டு பைகளோடு வந்து இறங்கினார்கள். கணவருக்கு உடம்பு துடைத்துவிட்டது தம்பி. அவள் வீடு திரும்பும் நேரத்துக்குச் சோறு சூடாக இருக்கும்படி பார்த்துக்கொண்டது தம்பி மனைவி. பத்து நாள் மாதங்களாகி, அவர்கள் இருந்த வாடகை வீடு கைமாறி, நடுவில் ஒரு குழந்தையும் பிறந்துவிட்டது. இருந்த இரண்டு அறையில் ஒன்றை அவர்களுக்குக் கொடுத்தாகிவிட்டது. குழந்தை அழுதால் நான்கு பேரும் விழித்துக்கொள்வார்கள். நான்கு பேரில் ஒருவர்கூட முகம் சுளித்ததில்லை. அவர்களுக்கென்று ஒரு கதவு, ஒரு பூட்டு, ஒரு சமையல் மேடை கிடைக்க வேண்டும் என்பது அவளுக்கு ஆசை என்பதைவிடக் கடன் என்றே பட்டது.

சுவரை அளக்கப் போன அன்று அலுவலக ஜீப் வழக்கம்போலச் சாலையோரம் நின்றது. டிரைவர் இருக்கையைச் சாய்த்துக்கொண்டு, “அக்கா, பொறுமையா அளங்க. சுவரு எங்கயும் ஓடிப் போகாது,” என்று தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டார்.

டேப்பைப் பிடித்தபடி நடந்தவளுக்கு முதலில் அந்தக் குழாய்கள் உறுத்தின. இத்தனை குழாயையும் ஒருவன் தன் கட்டடத்தின் முகத்தில் கொண்டுவந்து மாட்டுவானா? மேலே இருக்கும் சின்ன ஜன்னல்கள் எதற்கு என்று பார்க்க உள்ளே போனாள். அந்தச் சுவரை ஒட்டி வரிசையாகக் கழிப்பறைகள்.

கழிப்பறையை யாராவது வாசலில் கட்டுவார்களா? பிறகு கொட்டகையின் தரையைப் பார்த்தாள். கூரை ஓட்டை வழியாக விழுந்த மழைநீர் சாலைப் பக்கம் வராமல் எதிர்ப்பக்கம் ஓடித் தேங்கியிருந்தது. தரை அந்தப் பக்கம் சரிந்திருக்கிறது. டிராம் உருண்டு வெளியே போக வேண்டிய பக்கம் அது.

எதிர்ப்பக்கத்தில் வெளியே போக வழியில்லை. பழைய இரும்புக் கடைகளின் தகரக் கொட்டாய்கள் கட்டடத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றன. ஒரு கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, துருப்பிடித்த தகடுகளுக்கும் கட்டடத்துக்கும் நடுவே இருந்த சந்தில் உடம்பைக் குறுக்கி நுழைந்தாள். அண்ணாந்து பார்த்தாள்.

வளைவு வளைவாக வாசல்கள். டிராம் நுழையும் உயரத்துக்கு ஒவ்வொன்றும். வளைவுகளைச் சுற்றிப் பச்சையும் மஞ்சளுமாகப் பளபளக்கும் ஓடுகள், தூசிக்கு அடியிலும் நிறம் மங்காமல். ஒவ்வொரு வளைவின் உச்சியிலும் ஓட்டாலேயே ஒரு படம்: ஒன்றில் குடை, அடுத்ததில் மீன், அதற்கடுத்து சாவி, சேவல், கத்தரிக்கோல். வாசலுக்கு எண் போடாமல் படம் போட்டிருந்தார்கள். எண் தெரியாத தொழிலாளியும் தன் வண்டி நிற்கும் வாசலைக் கண்டுபிடிக்கட்டும் என்று எவரோ நினைத்திருக்க வேண்டும். வேலைக்கு வருகிறவனைப் பற்றி இவ்வளவு அக்கறையாக யோசித்த ஒருவர் இந்த ஊரில் இருந்திருக்கிறார்.

இதுதான் முகப்பு. இந்தப் பக்கம்தான் அந்தக் காலத்துத் தெரு. தண்டவாளத்தைப் பிடுங்கிய பிறகு, கொட்டகையின் முதுகுப் பக்கமாகப் புதுச் சாலை போட்டிருக்கிறார்கள். தெரு இடம் மாறியது. கட்டடம் திரும்பி உட்காரவில்லை.

முதுகு எப்படி முகமானது என்பது அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. அவளுடைய அலுவலகத்தைத் தவிர வேறு எங்கும் நடக்காத தவறு அது. அங்கே ஒரு பழக்கம் உண்டு. கணக்கெடுக்கப் போகும்போது ஜீப் எந்தப் பக்கம் நிற்கிறதோ, அந்தப் பக்கத்தைப் படத்தில் ‘முன்’ என்று குறிப்பார்கள். யார் தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. அப்படிக் குறித்த படத்தைப் பார்த்து எவரோ ‘முன்’ என்பதை நல்ல தமிழில் ‘முகப்பு’ ஆக்கினார். அது அரசாணையில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

ஜீப்பில் ஏறியதும் டிரைவரிடம் சொன்னாள். அவர் தொப்பியை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அப்போ முதல் தடவை கணக்கெடுக்க வந்தப்ப நான் வண்டியை அந்தப் பக்கம் நிறுத்தியிருந்தா?”

“அந்தப் பக்கம் முகப்பு ஆகியிருக்கும்.”

“அடக் கடவுளே. நெழலு எங்க இருக்கோ அங்க நிறுத்துறவன்க்கா நானு. ஊர்ல பாதிக் கட்டடத்துக்கு மூஞ்சி முதுகு மாறியிருக்குமே!”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் கணக்குப் போட்டுப் பார்த்தாள். உண்மையான முகப்பைக் காப்பாற்றினால் வரைபடம் தலைகீழாகும். வாசல்களும் அவற்றுக்குப் பின்னால் வண்டிகள் நின்ற முதல் கட்டும் நிற்க வேண்டும். அந்த அகலத்துக்கு வீடுகள் குறையும். குறைந்தால் குலுக்கலில் கடைசியாக வந்தவர்கள்தான் வெளியே போவார்கள். தம்பியின் எண் கடைசிப் பக்கம். வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. தகரக் கொட்டாய்களோடு சேர்த்து, குடையையும் மீனையும் ஒரே நாளில் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள்.

அன்று இரவு சாப்பிடும்போதே தம்பி கண்டுபிடித்துவிட்டான். “என்னக்கா, சோத்தை அளந்துட்டு இருக்கே?”

அவள் சொன்னாள். மறைக்காமல், எண் விஷயம் உட்பட.

தம்பி தட்டைத் தள்ளிவைத்தான். “ஊர்ல எத்தனை கட்டடம் இருக்கு? உனக்கு என் வீட்டு மேலதான் கண்ணு விழுந்துச்சா?”

“டேய், அளக்கச் சொன்னாங்க, அளந்தேன்.”

“அளக்கச் சொன்னா அளந்துட்டு வா. சந்துக்குள்ள எதுக்குப் போனே? சின்ன வயசுலேருந்து இப்படித்தான். கடைக்கு அனுப்புனா தெரு முனையில கிணறு வெட்டுறதை வேடிக்கை பாத்துட்டு நிப்பா, மாமா.”

கணவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். “என்னை ஏன்டா இழுக்கறே? நான் நொண்டி. சண்டைன்னா ஓடக்கூட முடியாது,” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

தம்பி மனைவி குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, “அண்ணி, அது எப்படி இருக்கும்? நான் பாக்கணும்,” என்றாள்.

“பாத்து?”

“எதுக்காக என் வீடு போகுதுன்னு பாக்க வேணாமா?”

ஞாயிற்றுக்கிழமை நால்வரும் போனார்கள். கணவருக்கு மட்டும் அந்தச் சந்து ஒத்துவராது, இரும்புக் கடைக்காரரோடு பேசிக்கொண்டு வெளியே உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் குழந்தையைக் கைமாற்றிக் கைமாற்றி உள்ளே நுழைந்தார்கள். வெயில் நேராக ஓடுகளில் விழுந்த நேரம். தம்பி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வீம்பாக நின்றான். தம்பி மனைவி அண்ணாந்து பார்த்தபடி வாசல் வாசலாக நடந்தாள். “குடை பாரு. மீன் பாரு, மீன்! அதோ சேவல்…” குழந்தை படத்தைப் பார்க்கவில்லை, அவள் விரலைப் பார்த்தது.

கடைசி வாசலுக்குப் போய்த் திரும்பி வந்தவள், “நீங்க பண்ணது ரொம்பத் தப்பு அண்ணி,” என்றாள்.

அக்காவுக்கு முகம் செத்துவிட்டது.

“பாக்காம இருந்திருந்தா நிம்மதியா குடிபோயிருப்பேன். இப்போ கூட்டிட்டு வந்து காட்டிட்டீங்க. இதை இடிச்ச இடத்துல அடுப்பு வச்சு நான் எப்படிச் சமைக்கறது? போய்ச் சொல்லிடுங்க.”

“உன் வீடு…”

“உங்க வீடு இருக்குல்ல. தொரத்திடுவீங்களா?”

தம்பி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். “நடுவுல நான் ஒருத்தன் இருக்கேன்,” என்றான்.

“இருக்கீங்க. குழந்தையை வாங்குங்க, கை வலிக்குது,” என்றாள் மனைவி.

அவன் வாங்கிக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கேட்காமலே குழந்தையை மீன் வாசலுக்கு நேராகத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். அது சம்மதமா, சமாளிப்பா என்று அக்காவுக்குத் தெரியவில்லை.

மறுநாள் தலைமைத் திட்ட அதிகாரியின் அறைக்குப் போனாள். அலுவலகத்தில் அவருக்குக் கமா சார் என்று பெயர். ஒரு கமா இடம் மாறியிருந்தால் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுகிற மனிதர். இந்தக் கோப்பில் கடைசிக் கையெழுத்து அவருடையது. கத்துவார் என்று எதிர்பார்த்துத்தான் போனாள். முதல் வேலையாக, “சார், என் தம்பிக்கு அங்க ஒரு வீடு விழுந்திருக்கு. அதையும் நீங்க தெரிஞ்சுக்கணும்,” என்று சொல்லிவிட்டே விஷயத்தைத் தொடங்கினாள்.

அவர் படத்தைத் திருப்பிப் பார்த்தார். அவள் எடுத்துவந்த புகைப்படங்களைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அரசாணையில என்ன எழுதியிருக்கு?”

“முகப்பு பாதுகாக்கப்படும்னு, சார்.”

“சாலைப் பக்கச் சுவர்னு எங்கயாவது இருக்கா?”

“இல்ல சார்.”

“அப்போ ஆணையை மாத்த வேண்டாம். ஆணை சரியாத்தான் இருக்கு. நாமதான் தப்பான பக்கத்துல நின்னு அதைப் படிச்சிருக்கோம்.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “நான் இத்தனை வருஷமா கமாவைத் தேடிட்டு இருந்திருக்கேன். வார்த்தையைப் பாக்கலை. என் பேர்லயே குறிப்பு எழுதிடறேன். தம்பி விஷயத்தை நீங்களே முதல்ல சொன்னது நல்லதாப் போச்சு, அதையும் சேர்த்துக்கறேன். உங்களை யாரும் எதுவும் கேக்கக் கூடாது.”

அவள் எழுந்து வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டாள். நல்லவர்களிடம் திட்டு வாங்கத் தயாராகிப் போய்விட்டு அது கிடைக்காமல் திரும்புவதும் ஒரு பாரம்தான். ஆனால் சுகமான பாரம்.

வீட்டுவசதி வாரியத்தின் அதிகாரி அவ்வளவு எளிதாக மசியவில்லை. நேரில் பார்க்க வந்த அந்த அம்மாள் சந்துக்குள் நுழைந்து புடவையில் துருவோடு வெளியே வந்தார்.

“அழகா இருக்கு. ஒத்துக்கறேன். ஆனா வீடு கேட்டு தினமும் என் வாசல்ல வந்து நிக்கறாங்களே, அவங்ககிட்ட மீன் படம் இருக்கு, போய்ப் பாருங்கன்னா சொல்றது?”

“சொல்ல முடியாது மேடம்,” என்றாள் அவள். “எங்க வீட்டுலயே மூணு பேர் அப்படி நிக்கறாங்க.”

அந்த அம்மாள் அவளை ஒருமுறை உற்றுப் பார்த்தார். பிறகு சாலைப் பக்கம் நடந்து, மொட்டைச் சுவருக்கு முன்னால் போய் நின்றார். “அப்போ இந்தச் சுவரு?”

“இது முதுகு, மேடம். எடுத்துடலாம்,” என்றார் கமா சார்.

“இதை நிக்க வைக்கணுமேன்னுதான் எங்க இன்ஜினியருங்க மண்டையை உடைச்சிட்டிருந்தாங்க. முட்டுக் கொடுத்து, பின்னாடி இடம் விட்டு, வெளிச்சம் வராம… இதை எடுத்துட்டா கட்டடத்தைச் சாலை வரைக்கும் கொண்டு வரலாமா?”

“தாராளமா.”

அந்த அம்மாள் முதல்முறையாகச் சிரித்தார். “இதைச் சொல்றதுக்கு உங்க ஆபீசுக்கு இத்தனை வருஷமா?”

ஜீப்பிலிருந்து டிரைவர் எட்டிப் பார்த்து, “எல்லாம் நெழலு பண்ண வேலை மேடம்!” என்றார். கமா சார் முறைத்ததும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

புதுத் திட்டத்தில் குடியிருப்பு சாலையைப் பார்த்துத் திரும்பியது. முன்பைவிட வெளிச்சம், பேருந்து வாசலிலேயே நிற்கும். தகரக் கொட்டாய்க்காரர்களுக்குப் பக்கத்துத் தெருவில் இடம் கொடுத்தார்கள். வாசல்களுக்குப் பின்னால் இருந்த முதல் கட்டு குடியிருப்பின் பொதுக் கூடமாக ஆகும் என்று முடிவானது. ஆனால் கணக்கு கணக்குதான். எவ்வளவு திருப்பிப் போட்டும் ஒரு வரிசை வீடு குறைந்தது. கடைசி எண்களை இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளினார்கள். அந்தக் காலத்தில் டிராம் கழுவிய முற்றத்தில், எப்போது தொடங்கும் என்று யாரும் சொல்லாத இரண்டாம் கட்டம். தம்பியின் எண் அதில் இருந்தது.

செய்தி வந்த அன்று அவள் வீட்டுக்கு மெதுவாக நடந்து வந்தாள். தம்பிக்கு முன்பே தெரிந்திருந்தது. அவன் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தான்.

“என்னடா பண்றே?”

“குழந்தைத் துணிக்கு ஒரு பலகை. இங்கதானே இருக்கப் போறோம், இடம் வேணும்ல.” சுத்தியலை இறக்கினான். அத்தனை நாளும் பேசாத பேச்சு அப்போதுதான் வந்தது. “அக்கா, எனக்குக் கோவம்தான். இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா நீ முதல்ல எங்ககிட்ட சொன்னே பாரு. ஆபீஸ்ல சொல்லிட்டு வந்து எங்ககிட்ட சொல்லியிருந்தா, இந்த ஆணியை உன் மண்டையிலதான் அடிச்சிருப்பேன்.”

இரண்டாம் கட்டம் தொடங்க ஒரு வருடத்துக்கு மேலாயிற்று. கட்டி முடிக்க இன்னும் அதிகம். அந்தக் காலம் முழுவதும் குழந்தை அவள் வீட்டிலேயே வளர்ந்தது. முதல் பல் அவள் விரலைத்தான் கடித்தது. கணவரின் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு நடை பழகியது. ஒரு பக்கம் சாய்ந்து நடப்பதுதான் நடை என்று நினைத்து அவரைப் போலவே நொண்டி நடந்து, எல்லோரையும் கலங்க வைத்து, பிறகு சிரிக்க வைத்தது. அவளுக்கும் கணவருக்கும் குழந்தை இல்லை. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை. அவர்கள் நினைத்த நாளில் போயிருந்தால் இதில் எதுவும் அவளுக்குக் கிடைத்திருக்காது. தம்பிக்குத் தான் செய்த நஷ்டம் தனக்கே லாபமாக முடிந்ததை எண்ணி அவள் சில நாள் கூசினாள். பிறகு கூசுவதை விட்டுவிட்டு அனுபவித்தாள்.

சாவி கொடுத்த அன்று கமா சாரும் வாரியத்து அம்மாளும் வந்து போனார்கள். சாமான் ஏற்றி இறக்க டிரைவர் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார். மாலையில் எல்லோரும் போன பிறகு, புது வீட்டின் கூடத்தில் அவள் கைப்பையோடு நின்றுகொண்டிருந்தாள். சமையல் மேடையில் தம்பி மனைவி டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கென்று ஒரு மேடை.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று அக்காவுக்கு இருந்தது. காலொடிந்த மனிதருக்குச் செய்ததற்கு, சூடாக வைத்த சோற்றுக்கு, அந்தச் சந்தில் நின்று ‘போய்ச் சொல்லிடுங்க’ என்றதற்கு. ‘நன்றி’ என்றால் அலுவலகக் கடிதத்தின் கடைசி வரி மாதிரி இருக்கும். ‘தேங்க்ஸ்’ என்றால் பேருந்தில் இடம் கொடுத்தவருக்குச் சொல்வது மாதிரி. வேறு வார்த்தை அவளுக்குத் தோன்றவில்லை.

“வந்து…” என்று தொடங்கினாள்.

“என்ன அண்ணி, விருந்தாளி மாதிரி நிக்கறீங்க?” என்றாள் தம்பி மனைவி, திரும்பாமலே. “பையை வைங்க. எந்த டப்பாவை எங்க வைக்கறதுன்னு எனக்கு ஒண்ணும் புரியல. இத்தனை வருஷமா உங்க அடுக்களையில எடுத்துப் பழகின கை. உங்க வீட்டுல இருக்கற மாதிரியே வச்சுக் குடுங்க.”

அவள் பையைக் கீழே வைத்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மேடைக்கு வந்தாள். உப்பை இடது கைப்பக்கம் வைத்தாள்.